கார்டில் எழுதும் முன்: எம்பெடட் லினக்ஸ் இமேஜை கியூஎமுவில் ஓட்டிப் பார்ப்பது

போர்டுக்கான இமேஜில் (கெர்னலும் மற்றக் கோப்புகளும் சேர்ந்த டிஸ்க் நகல்) ஒரு வரி மாற்றினாலும் பில்ட் செய்து, எஸ்டி கார்டைக் கழற்றி, எழுதி, திரும்பச் செருகி, சீரியல் கன்சோலைப் பார்த்தபடி உட்கார வேண்டியிருக்கிறது. இதில் பெரும்பகுதி வேலையை, வேறொரு கணினியை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் எமுலேட்டரான கியூஎமு எடுத்துக்கொள்ளும். ஆனால் அதில் நாம் சோதிப்பது இமேஜைத்தான், போர்டை அல்ல. இது மனதில் பதியாவிட்டால் தவறான மெஷினை (கியூஎமு நடிக்கும் கணினி வகை) தேர்ந்தெடுத்து நாள்கணக்கில் வீணாகும்.

நம் போர்டின் பெயரிலேயே ஒரு மெஷின் இருந்தால் அதைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். ராஸ்பெர்ரி பைக்கு ராஸ்பி3பி இருக்கிறது, 2024இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து ராஸ்பி4பியும் இருக்கிறது. ஆனால் நிஜ பையில் முதலில் எழும் வீடியோகோர் ஃபர்ம்வேர் கியூஎமுவில் ஓடுவதில்லை. பையின் பூட் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பை யாரும் படிப்பதே இல்லை. அதில் என்ன தப்பு இருந்தாலும் எமுலேட்டரில் இமேஜ் அழகாக எழுந்து நிற்கும். கெர்னலையும், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் வெளியிலிருந்து நாம்தான் கொடுக்கிறோம். எஸ்டி கார்டாகக் கொடுக்கும் இமேஜின் அளவு 2இன் அடுக்காக இல்லாவிட்டால் கியூஎமு கிளம்பவே மறுக்கும். கியூஎமு-இமேஜ் கருவியின் ரீசைஸ் கட்டளையால் 2 ஜிபி அல்லது 4 ஜிபிக்கு நீட்டினால் போகும். பார்ட்டிஷன் டேபிள் ஜிபிடி வகை என்றால் நீட்டியபின் அதன் பேக்கப் ஹெடர் டிஸ்க்கின் நடுவில் நின்றுவிடும், அதையும் கடைசிக்கு நகர்த்த வேண்டும்.

ஆகவே 'விர்ட்' என்ற பொது மெஷின்தான் என் பரிந்துரை. அதே ரூட்ஃபைல்சிஸ்டம், அதே பார்ட்டிஷன் அமைப்பு, கெர்னலில் மட்டும் ஒரு சிறு கான்ஃபிக் துண்டு கூடுதல்: விர்டியோ பிளாக், விர்டியோ நெட், விர்டியோ பிசிஐ (எமுலேட்டர் தரும் டிஸ்க், நெட்வொர்க், பஸ் ஆகியவற்றுக்கான டிரைவர்கள்), பிஎல்011 சீரியல். நான்கையும் மாட்யூலாக விடாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிடுங்கள். இமேஜ் கட்டும் கருவியான பில்ட்ரூட்டில் கியூஎமு ஆர்ச்64 விர்ட் டிஃப்கான்ஃபிக் (தயார் அமைப்புக் கோப்பு) தயாராக இருக்கிறது. அதை ஒருமுறை பில்ட் செய்து, இமேஜஸ் அடைவில் விழும் ஸ்டார்ட்-கியூஎமு ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாலே கட்டளையின் உருவம் பிடிபடும். இன்னொரு கருவியான யோக்டோ என்றால் ரன்கியூஎமு கட்டளை.

இனி தப்புகள். கட்டளையைத் தட்டினதும் திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சிபியு ஆப்ஷன். 64-பிட் கியூஎமுவையே அழைத்தாலும் விர்ட் மெஷின் சொல்லாமல் எடுத்துக்கொள்வது 32-பிட் கார்டெக்ஸ்-ஏ15. அதில் 64-பிட் கெர்னல் ஒரு எழுத்துகூட அச்சிடாது. கார்டெக்ஸ்-ஏ53 என்று சொல்லிக் கொடுங்கள். ரேமும் அப்படித்தான்: சொல்லாவிட்டால் 128 எம்பி. உங்கள் போர்டில் எவ்வளவோ அவ்வளவே கொடுங்கள். மேசைக்கணினியில் இருக்கிறதே என்று 4 ஜிபி கொடுத்தால், 256 எம்பி போர்டில் நினைவகம் தீர்ந்து விழப்போகும் சர்வீஸ் இங்கே சிரித்தபடி ஓடும். சிபியு சரியாக இருந்தும் மௌனம் என்றால் கெர்னல் வரியில், தொடக்கத்திலேயே செய்திகளை அச்சிடவைக்கும் எர்லிகான் சேருங்கள். விர்ட்டின் டிவைஸ் ட்ரீயே சீரியல் முகவரியைச் சொல்லிவிடும் என்பதால் அந்தச் சொல் மட்டும் போதும். கன்சோல் பெயர் டிடிஒய்ஏஎம்ஏ0.

அடுத்தது எல்லோருக்கும் பழகின பேனிக் (கெர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுவிடுவது): ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை, அன்னோன்-பிளாக்(0,0). பலர் இந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். விடை அதற்கு மேலே இருக்கிறது. கிடைக்கிற பார்ட்டிஷன்கள் இவை என்று கெர்னல் ஒரு பட்டியல் போட்டிருக்கும். பட்டியல் காலி என்றால் விர்டியோ பிளாக் டிரைவர் கெர்னலில் இல்லை. விடிஏ (விர்டியோ டிஸ்க்) இருந்து விடிஏ2 (அதன் இரண்டாவது பார்ட்டிஷன்) இல்லை என்றால் பார்ட்டிஷன் டேபிளில் கோளாறு, அல்லது முழு டிஸ்க் இமேஜுக்குப் பதிலாக வெறும் ஃபைல்சிஸ்டம் கோப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். அடைப்புக்குள் 0,0 இல்லாமல் வேறு எண்கள் வந்தால் டிஸ்க் கிடைத்துவிட்டது, உள்ளே இருப்பதைத்தான் படிக்க முடியவில்லை. பெரும்பாலும் எக்ஸ்ட்4 டிரைவர் விடுபட்டிருக்கும்.

கெர்னல் வரியில் ரூட்வெயிட் இருந்தால் இந்தப் பேனிக்கும் வராது. வராத டிஸ்க்குக்காகக் கெர்னல் முடிவில்லாமல் காத்திருக்கும். போர்டில் எம்எம்சி மெதுவாக எழுவதால் அது தேவை. எமுலேட்டரில் தானாக ஓடும் சோதனைகளில் அதை எடுத்துவிடுங்கள்.

கெர்னல் தாண்டினால் பெயர்ச் சிக்கல்கள் வரிசையாக வரும். மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில், போர்டின் கார்டுப் பெயரான எம்எம்சிபிஎல்கே0பி3 என்று எழுதியிருந்தால் சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி அதற்காக 90 விநாடி காத்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகும். அங்கே லேபிள் போடுங்கள். கெர்னலின் ரூட் வரியிலோ லேபிள் செல்லாது, ஏனெனில் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ரேமில் ஏறும் தற்காலிக ஃபைல்சிஸ்டம்) இல்லாமல் கெர்னலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது, பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யூயூஐடி தெரியும். இதை எமுலேட்டருக்காக என்று நினைக்க வேண்டாம். அதே இமேஜ் எஸ்டி கார்டிலும் இஎம்எம்சியிலும் எழ வேண்டுமென்றால் எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. பூட் லாக் முழுதும் ஓடி லாகின் மட்டும் வரவில்லையா? லாகின் கேட்கும் நிரலான கெட்டி, போர்டின் சீரியல் போர்ட் பெயரில் காத்துக்கொண்டிருக்கிறது. பிஸிபாக்ஸின் தொடக்க அமைப்புக் கோப்பான இனிட்டேபில் 'கன்சோல்' என்றே எழுதினால் இரண்டு இடத்திலும் வரும். நெட்வொர்க் கார்டும் ஈத்0 என்று வராமல் என்ப்0எஸ்1 போல ஒரு பெயரில் வரலாம்.

கியூஎமுவின் யூசர் நெட்வொர்க்கில் உள்ளே இருக்கும் மெஷினின் முகவரி 10.0.2.15, நம் கணினி அதற்கு 10.0.2.2. வெளியிலிருந்து 2222 போர்ட்டை உள்ளே 22க்குத் திருப்பினால் எஸ்எஸ்எச் வந்துவிடும். பிங் போகவில்லை என்பதை வைத்து நெட்வொர்க் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், இந்த முறையில் பிங் பல கணினிகளில் போகாது.

கடிகாரம் ஒரு நல்ல சோதனைக்கு இடம் தருகிறது. விர்ட்டில் ஆர்டிசி (வன்பொருள் கடிகாரம்) உண்டு, நேரம் எப்போதும் சரி. பேட்டரி இல்லாத போர்டு பழைய தேதியில் எழும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று டிஎல்எஸ் மறுக்கும். அப்டேட் சர்வரோடு பேச முடியாது. கியூஎமுவின் ஆர்டிசி ஆப்ஷனில் தொடக்கத் தேதியை ஐந்து வருடம் பின்னால் வைத்து ஒருமுறை ஓட்டினால் இது மேசையிலேயே தெரிந்துவிடும்.

எமுலேட்டரால் கிடைக்கும் பெரிய லாபம் என்று நான் நினைப்பது அப்டேட்டின் நடுவில் மின்சாரம் போகும் சோதனை. இரண்டு ரூட் பார்ட்டிஷன் வைத்து, ராக் அல்லது எஸ்டபிள்யூஅப்டேட் என்ற அப்டேட் கருவி கொண்டு மாறி மாறி எழுதும் அமைப்பில், எழுதும்போது நின்றால் பழைய பக்கம் எழ வேண்டும். போர்டில் இதை நூறு முறை பிளக்கைப் பிடுங்கிச் செய்ய யாருக்கும் கை வராது. இங்கே ஸ்கிரிப்ட் செய்யும்: ஓட்டு, அப்டேட்டைத் தொடங்கு, ஏதோ ஒரு விநாடியில் கியூஎமுவை கில் -9 கொடுத்துக் கொல், மறுபடி ஓட்டு, எந்தப் பக்கம் எழுந்தது என்று பார்.

இதில் மூன்று குழிகள் உண்டு. ஸ்னாப்ஷாட் ஆப்ஷனோடு ஓட்டினால் கியூஎமு முடிந்ததும் எழுதியது அத்தனையும் மறைந்துவிடும். அடுத்த ஓட்டத்தில் பழைய பக்கம்தான் எழும், சோதனை வென்றதாகத் தோன்றும். அதற்குப் பதிலாக மூல இமேஜின் மேல், மாற்றங்களை மட்டும் சேமிக்கும் ஒரு கியூகவ்2 ஓவர்லே கோப்பு வைத்து, ஒரு சுற்று முழுதும் அதையே பயன்படுத்துங்கள். இரண்டாவது, பக்கத்தைத் தீர்மானிப்பது கெர்னலை ஏற்றும் பூட்லோடரான யூ-பூட் என்றால் சோதனையிலும் யூ-பூட் இருக்க வேண்டும். கியூஎமு ஆர்ம்64 டிஃப்கான்ஃபிக்கில் பில்ட் செய்த யூ-பூட் பின் கோப்பை பயோஸ் ஆப்ஷனில் கொடுக்கலாம். ஆனால் அதன் என்வைரன்மென்ட் (அது நினைவில் வைக்கும் மாறிகள்) இரண்டாவது ஃபிளாஷில் இருக்கிறது. அதற்கு 64 எம்பி கோப்பு ஒன்றை பிஃப்ளாஷாக (எமுலேட்டரின் ஃபிளாஷ் சில்லு) இணைக்காவிட்டால் எத்தனை முறை பூட் முயன்றது என்ற பூட் கவுன்ட் ஒவ்வொரு முறையும் அழிந்துபோகும், திரும்பிப்போகும் வழி சோதனைக்கு வரவே வராது.

மூன்றாவது நுட்பமானது. கியூஎமுவைக் கொன்றால் உள்ளே இருந்த லினக்ஸின் பேஜ் கேஷ் (இன்னும் டிஸ்க்குக்குப் போகாமல் ரேமில் நிற்கும் தரவு) போகும். ஆனால் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்ட தரவு நம் கணினியின் கேஷில் பத்திரமாக இருந்து கோப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே, தரவை உடனே டிஸ்க்குக்கு அனுப்பும் எஃப்சின்க் அழைப்பை மறந்த ஸ்கிரிப்டை இந்தச் சோதனை பிடிக்கும், புதிதாக எழுதின கான்ஃபிக் கோப்பு 0 பைட்டாக நிற்பதை நேரில் பார்க்கலாம். கார்டின் உள்ளே எழுத்து பாதியில் நின்று பழைய தரவையும் சேர்த்துக் கெடுப்பதை இது பிடிக்காது. அந்தச் சுற்றுக்கு நிஜ கார்டும் ஒரு ரிலேயும் வேண்டும்.

எல்லாவற்றையும் தானாக ஓடவிடும்போது கெர்னல் வரியில் பேனிக்=-1, கியூஎமுவில் நோ-ரீபூட்: பேனிக் ஆன கணமே புராசஸ் முடியும், ஸ்கிரிப்ட் அதைப் பார்க்கும். அப்டேட் தானே ரீபூட் செய்யும் சுற்றில் மட்டும் நோ-ரீபூட்டை எடுத்துவிடுங்கள். வெளியே டைம்அவுட் எப்படியும் வேண்டும். வேற்று ஆர்க்கிடெக்சரை மென்பொருளில் மொழிபெயர்த்து ஓட்டுவதால் எமுலேட்டரில் பூட் ஆகும் நேரத்துக்கும் போர்டின் நேரத்துக்கும் தொடர்பில்லை. அளந்து பார்த்து அதன் மூன்று மடங்கு வையுங்கள். சீரியல் லாகை ஓட்டத்துக்கு ஒரு கோப்பாகச் சேமித்துவிடுங்கள். நாற்பதில் ஒருமுறை மட்டும் விழும் பூட்டுக்கு அந்த ஒரு கோப்புதான் சாட்சி.