லூசில் பாலைத் தேடி ஜேம்ஸ்டவுனுக்கு

வரைபடத்தில் ஜேம்ஸ்டவுன் என்று தேடினால் வர்ஜீனியாவில் ஆங்கிலேயர் முதன்முதலில் நிரந்தரமாகக் குடியேறிய ஊர்தான் பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கும். 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரால் பேர்பெற்ற நடிகை லூசில் பால் பிறந்த ஜேம்ஸ்டவுன் வேறு. அது நியூயார்க் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஷட்டாக்வா ஏரியின் தெற்குக் கோடியில் இருக்கிறது. ஊர்ப் பெயரோடு மாநிலத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே மாநிலம்தானே என்று நியூயார்க் நகரத்திலிருந்து கிளம்பினால் காரில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் பிடிக்கும். பஃபலோவிலிருந்து ஒன்றரை மணி, பென்சில்வேனியாவின் ஈரி நகரிலிருந்து ஒரு மணி. நயாகரா பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். பஃபலோவிலிருந்து வருவோர் ஐ-90 நெடுஞ்சாலையை விட்டு டன்கர்க்கில் இறங்கி, 60ஆம் எண் சாலையைப் பிடித்துத் தெற்கே வரலாம். பயணிகள் ரயில் கிடையாது. பார்க்க வேண்டிய இடங்கள் சிதறிக் கிடப்பதால் கார் இல்லாமல் சரிப்படாது.

குளிர்காலத்தில் யோசித்துத்தான் கிளம்ப வேண்டும். ஈரி ஏரியின் மேல் வீசும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையை ஒட்டிய மேட்டு நிலத்தில் ஏறியதும் பனியாகக் கொட்டிவிடும். ஏரியோரச் சாலை பளிச்சென்று இருக்கும். பத்துப் பதினைந்து மைல் உள்ளே போனால் எதிரே வரும் வண்டி தெரியாது. மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். ஆகஸ்ட் மாதத்தில் அவர் பெயரில் நகைச்சுவை விழா நடக்கும், அவர் பிறந்த நாளும் ஆகஸ்ட் 6தான். அந்த வாரம் போவதாக இருந்தால் அறையை மாதக்கணக்கில் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

பழைய சினிமாப் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். லூசில் பால் மொண்டானாவில் பிறந்தார் என்று பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. விளம்பரத்துக்காகச் சொல்லப்பட்ட அந்தக் கதை நெடுநாள் நிலைத்துவிட்டது. அவர் பிறந்தது 1911இல், இதே ஜேம்ஸ்டவுனில், ஸ்டூவர்ட் அவென்யூவில். அப்பா ஹென்றி பால் தொலைபேசிக் கம்பிகளை இழுத்துக் கட்டும் வேலையில் இருந்தார். வேலை போகிற ஊருக்கெல்லாம் குடும்பமும் போனது. அப்படித்தான் மொண்டானாவில் கொஞ்ச காலம், பிறகு மிச்சிகனில். அங்கே 1915இல் டைஃபாய்டு காய்ச்சலில் அப்பா இறந்தபோது லூசிக்கு மூன்று வயது. தம்பி அம்மாவின் வயிற்றில். அம்மா டெசிரே பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார்.

ஆகவே பயணத்தைச் செலொரானில் தொடங்குவதே சரி. ஜேம்ஸ்டவுன் நடுவிலிருந்து காரில் பத்து நிமிடம், ஏரிக்கரைக் கிராமம். தாத்தா ஃப்ரெட் ஹன்ட் வாங்கிய வீடு மேற்கு 8ஆம் தெருவில் இருந்தது. அந்தத் தெருவுக்கு இப்போது லூசி லேன் என்று பெயர். அது தனியார் வீடு, உள்ளே அனுமதி கிடையாது. வண்டியை ஏரிக்கரைப் பூங்காவில் நிறுத்திவிட்டு நடந்து போய்ச் சாலையில் நின்றபடியே பாருங்கள். தாத்தா மரச்சாமான் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்தவர். ஜேம்ஸ்டவுன் அன்றைக்கு மரச்சாமானுக்குப் பேர்போன ஊர், ஸ்வீடனிலிருந்து வந்த தச்சர்கள் நிறைந்த ஊர். பேரப்பிள்ளைகளை வாரக் கடைசியில் வாட்வில் மேடைக் கூத்துகளுக்குக் கூட்டிப் போனவரும் அந்தத் தாத்தாதான்.

அம்மா மறுமணம் செய்து, புதுக் கணவரோடு டெட்ராய்ட்டுக்கு வேலை தேடிப் போனபோது, லூசியை அந்தக் கணவரின் பெற்றோரிடம் விட்டுச் சென்றார். ஸ்வீடிஷ் வழி வந்த, மிகவும் கண்டிப்பான வீடு. குளியலறையில் ஒரு கண்ணாடி. மற்றபடி வீடு முழுக்கக் கண்ணாடியே இல்லை. அதில் முகம் பார்த்துக்கொண்டு நின்றதற்குத் திட்டு வாங்கியதைப் பின்னாளில் லூசி பலமுறை சொல்லியிருக்கிறார். உலகத்துக்கே தெரிந்துபோன அந்த முகம் ஒளித்துப் பார்க்க வேண்டியதாக இருந்த காலம் அது. ஊரைச் சுற்றும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் அருங்காட்சியகத்தில் பார்க்கப்போகிற ஒவ்வொரு முகபாவனையும் வேறு மாதிரி தெரியும்.

ஏரிக்கரையில் அப்போது செலொரான் பார்க் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா இருந்தது. ராட்டினம், நடன மண்டபம், மேடை எல்லாம் உண்டு. அங்கே ஹாம்பர்கர் கடையில் கூவி விற்றதுதான் லூசிக்குக் கூட்டத்தை இழுக்கக் கிடைத்த முதல் பயிற்சி. அந்தப் பூங்கா இன்று இல்லை; அந்த இடத்தில் 2018இல் திறந்த ஏரிக்கரை ஹோட்டல் இருக்கிறது.

1927 ஜூலையில் தாத்தா வீட்டின் கொல்லையில் நடந்த விபத்துதான் குடும்பத்தைச் சாய்த்தது. தாத்தா பேரனுக்கு வாங்கித் தந்த 0.22 துப்பாக்கியில் பிள்ளைகள் குறிபார்த்துச் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் குறுக்கே வர, குண்டு முதுகெலும்பில் பாய்ந்து அவன் முடங்கிப்போனான். வழக்கில் தாத்தா தோற்றார், சேமிப்பும் வீடும் கையைவிட்டுப் போயின. வீட்டின் முன்னால் இதைச் சொல்லும் பலகை எதுவும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கையில் இருப்பதை யார் பெயரில் எழுதி வைப்பது என்பதில் பின்னாளில் லூசி காட்டிய கவனத்துக்கு வேர் இங்கே இருக்கிறது என்றே தோன்றுகிறது.

வண்டியை நிறுத்திய ஏரிக்கரைப் பூங்காவில் லூசிக்கு இரண்டு வெண்கலச் சிலைகள். இரண்டையும் பாருங்கள். 2009இல் வைத்த முதல் சிலை கையில் மருந்துப் புட்டியும் கரண்டியுமாக நிற்கும். பற்கள் தெரிய, கண் பிதுங்க, பார்க்கவே திகிலாக இருக்கிறது என்று ஊர் கொதித்தது. செதுக்கியவரே பிறகு மன்னிப்புக் கேட்டார். கேரலின் பாமர் செய்த புதிய சிலை 2016 ஆகஸ்ட் 6 அன்று, 105ஆவது பிறந்தநாளில் திறக்கப்பட்டது. புள்ளிபோட்ட கவுனில், ஹாலிவுட் நடைபாதை நட்சத்திரத்தின் பிரதி மேல் நிற்கிறார். பழையதை எடுத்துவிடாமல் சற்றுத் தள்ளி வைத்திருப்பது நல்ல முடிவு. நகைச்சுவை நடிகையின் முகத்தை அசையாப் பொருளில் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது இரண்டையும் பார்த்தால் புரியும்: ஒரு நொடி மட்டும் வந்து மறைய வேண்டிய பாவனையை முதல் சிற்பி நிரந்தரமாக்கிவிட்டார்.

அடுத்தது நகரின் மையத்தில், மேற்கு 3ஆம் தெருவில் உள்ள லூசில் பால் டெசி அர்னாஸ் அருங்காட்சியகம். இதற்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். உடைகளும் விருதுகளும் எந்த அருங்காட்சியகத்திலும் இருக்கும். இங்கே முக்கியம் 'ஐ லவ் லூசி' தொடரின் அரங்குகளை அப்படியே கட்டி வைத்திருப்பது. நியூயார்க் குடியிருப்பு, ஹாலிவுட் ஹோட்டல் அறை இரண்டும் உண்டு. பலர் சோபாவைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கதவு எங்கே, சமையலறைக்குத் திறக்கும் வழி எங்கே, நடுவில் எத்தனை அடி என்று பாருங்கள். நாற்காலிகளும் கதவுகளும் ஒரு பக்கத்தையே பார்த்திருப்பது தெரியும். அந்தப் பக்கத்தில்தான் சுமார் 300 பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னணி தேவை. 1951இல் பெரும்பாலான அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. மேற்குக் கரைக்கு, தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்த கினெஸ்கோப் என்ற மங்கலான பிரதிதான் கிடைக்கும். லூசியும் கணவர் டெசி அர்னாஸும் கலிபோர்னியாவை விட்டு வர மறுத்தார்கள். விளம்பரதாரருக்கோ கிழக்கில் மங்கல் படம் ஆகாது. தீர்வு: 35 மி.மீ. ஃபிலிமில், மூன்று கேமராக்களில், பார்வையாளர் முன்னால் நாடகம்போல ஒரே ஓட்டமாக நடித்துப் படம்பிடிப்பது. ஃபிலிம் செலவு கூடியது. அதை ஈடுகட்ட இருவரும் வாரச் சம்பளத்தில் 1,000 டாலரை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குப் படச்சுருள்களின் உரிமை தங்கள் டெசிலு நிறுவனத்துக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு மறுபடி விலை வரும் என்று அப்போது யாரும் நம்பவில்லை. சில ஆண்டுகளில் அந்தச் சுருள்களையே, தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் பல மில்லியன் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது.

மூன்று கேமராவில் சிக்கல் விளக்குதான். ஒரு கேமராவுக்கு வைத்த வெளிச்சம் அடுத்ததற்கு நிழலாக விழும். தரையில் விளக்குக் கம்பம் வைத்தால் கேமரா நகர முடியாது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒளிப்பதிவு மேதை கார்ல் ஃப்ராய்ண்ட் விளக்குகளை மேலே தொங்கவிட்டு அரங்கு முழுக்கச் சமமாகப் பரவச் செய்தார். சுவர்களுக்குச் சாம்பல் நிறத்தின் பல சாயைகளைப் பூசச் சொன்னதும் அவரே, கறுப்பு வெள்ளையில் வெளிச்ச வேறுபாடு கைக்குள் நிற்பதற்காக. வாரத்தில் நான்கு நாள் வேலை. கடைசி நாள் மாலை பார்வையாளர் வருவார்கள். பழைய பகுதிகளைப் பார்க்கும்போது கூட்டத்தில் ஒரு பெண் குரல் "அய்யய்யோ" என்று பதறுவது போலக் கேட்கும். அது லூசியின் அம்மா.

அருங்காட்சியகத்தில் வரிசை நிற்கும் இடம் 'வைட்டமீட்டாவெஜமின்' விளம்பர மேடை. 1952 மே மாதம் ஒளிபரப்பான பகுதியில், வைட்டமின், இறைச்சி, காய்கறி, தாது எல்லாம் சேர்ந்த டானிக்கை விற்க லூசி ஒத்திகை பார்ப்பார். அதில் 23 சதவீதம் ஆல்கஹால் என்பது அவருக்குத் தெரியாது. ஒத்திகைக்கு ஒரு கரண்டி உள்ளே போகப் போக நாக்கு குழறும். நீங்களும் அதே வசனத்தைக் கேமரா முன்னால் சொல்லிப் பார்க்கலாம். எடுத்த எடுப்பிலேயே குடித்தவர்போல ஆடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. லூசி முதல் தடவை வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொல்வார்; பார்ப்பவர் மனதில் சரியான வசனம் பதிந்த பிறகே ஒவ்வொரு சொல்லாகச் சிதைப்பார். சரியானது தெரிந்தால்தானே தப்புக்குச் சிரிப்பு வரும்? படப்பிடிப்பில் புட்டிக்குள் இருந்தது ஆப்பிள் பெக்டின் என்கிறார்கள். சாக்லெட் தொழிற்சாலைப் பகுதிக்கு உண்மையான சாக்லெட் தொழிலாளி ஒருவரையே பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கையில் எடுக்கும் பொருளைப் பழகாமல் அவர் மேடை ஏறியதில்லை.

இந்த உழைப்புக்குப் பின்னால் இருபது ஆண்டுகள் இருக்கின்றன. பதின்ம வயதில் நியூயார்க்கில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார்; பின்னாளில் பெரிய நட்சத்திரமான பெட்டி டேவிஸ் பேர் வாங்கிய அதே பள்ளி, லூசியைத் தேறாது என்று அனுப்பிவிட்டது. உடை மாடலாக நின்றார். 1933இல் ஹாலிவுட்டுக்குப் போய்க் கூட்டத்தில் ஒருத்தியாக ஆடி, ஆர்கேஓ என்ற பட நிறுவனத்தில் சிறு பாத்திரங்கள், பிறகு சின்னப் பட்ஜெட் படங்களின் ராணி என்ற பட்டம். 1940இல் ஒரு படப்பிடிப்பில் கியூபக்காரர் டெசியைச் சந்தித்து அதே நவம்பரில் மணந்தார். செம்பட்டைச் சிவப்பு முடி பிறவியில் வந்ததில்லை, எம்ஜிஎம் பட நிறுவனத்தில் சாயம் ஏற்றியது. தொடர் தொடங்கும்போது வயது 40. அந்த வயதில் நடிகைகள் ஒதுக்கப்பட்ட காலம்! 1953 ஜனவரி 19 அன்று திரையில் லூசிக்குக் குழந்தை பிறந்த அதே நாளில் நிஜத்திலும் மகன் பிறந்தான், 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். "கர்ப்பம்" என்ற சொல்லை மட்டும் திரையில் சொல்லவிடவில்லை.

இரண்டு தெரு தள்ளி 2018இல் திறந்த தேசிய நகைச்சுவை மையம். கையில் கட்டும் பட்டையில் உங்கள் ரசனையைப் பதிந்துகொண்டு, அதற்கேற்ப காட்சிகளைக் காட்டுவார்கள். கீழ்த்தளத்தில் உள்ள நீல அறை பெரியவர்களுக்கு மட்டும்; குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்கவும். அருங்காட்சியகம் காலையில், மையம் மதியத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செய்தால் மையத்தின் வெளிச்சத்திலும் சத்தத்திலும் களைத்துப்போய் அருங்காட்சியகத்தை அவசரமாக முடிக்க வேண்டிவரும். குளிர்காலத்தில் திறக்கும் நேரம் குறையும், கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்களுக்கு இரண்டு வரி. ஹாலிவுட் பூல்வார்டில் 6436இல் சினிமாவுக்கும் 6100இல் தொலைக்காட்சிக்குமாக அவருக்கு இரண்டு நட்சத்திரங்கள். அதைவிட மெல்ரோஸ் அவென்யூவும் கவர் தெருவும் சந்திக்கும் மூலையில் கட்டடத்தின் மேல் ஒட்டியிருக்கும் பூமி உருண்டையைப் பாருங்கள். அது பழைய ஆர்கேஓ ஸ்டுடியோ. தன்னைச் சிறு வேடங்களில் வைத்திருந்த அந்த ஸ்டுடியோவை 1957 வாக்கில் லூசியும் டெசியும் 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 1960இல் விவாகரத்து. 1962இல் டெசியின் பங்கையும் லூசியே வாங்கித் தனியாக நடத்தினார். 'ஸ்டார் டிரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' இரண்டும் 1966இல் அவர் நிறுவனத்திலிருந்து வந்தவை. மறு ஆண்டு 1.7 கோடி டாலருக்கு விற்றார். இப்போது அந்த வளாகம் பாரமவுண்ட் ஸ்டுடியோவின் பகுதி. உருண்டை தெருவிலிருந்தே தெரியும், சீட்டு வேண்டாம்.

பழைய வழிகாட்டி நூல்கள் சில, அவர் அஸ்தி ஹாலிவுட் ஹில்ஸ் ஃபாரஸ்ட் லான் கல்லறையில் இருப்பதாகச் சொல்லும். 1989 ஏப்ரல் 26 அன்று பெருந்தமனி கிழிந்து அவர் இறந்தபோது அங்கேதான் வைத்தார்கள். 2002இல் பிள்ளைகள் இருவரும் அதை ஜேம்ஸ்டவுனுக்கு எடுத்து வந்துவிட்டார்கள்.

ஆகவே கடைசி இடம் லேக்வியூ அவென்யூவில் உள்ள லேக் வியூ கல்லறைத் தோட்டம். பரந்த இடம், வழி காட்டும் இதயக் குறிகளைப் பின்பற்றாவிட்டால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். இருட்டுவதற்குள் போய்விடுங்கள். கல்லில் இருக்கும் இதய வடிவம் 'ஐ லவ் லூசி'யின் தொடக்கத்தில் வருவது. முதல் ஒளிபரப்பில் அது இல்லை, சிகரெட் விளம்பரதாரரின் கேலிச்சித்திரம்தான் இருந்தது. மறுஒளிபரப்புக்காக வரைந்த இதயமே நிலைத்தது. தன் குடும்பத்தார் உறங்கும் மண்ணிலேயே அவரும் இருக்கிறார். கல்லில் செதுக்கியிருக்கும் வரிக்குத் தமிழில், "வீட்டுக்கு வந்துவிட்டாய்."