மொட்டைப் பனையை வெட்டாமல் அடுக்குமாடி கட்டிய அனுபவம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஐந்து ஏக்கரில் ஒரு அடுக்குமாடித் திட்டம். நான் அதில் திட்டப் பொறியாளர். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டியதால், மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். இதற்கான பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பம், நிபுணர் குழு முன் விளக்கம், பிறகு மாநில ஆணையத்தின் கடிதம். காகித வேலையை ஆலோசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இடத்தில் இருக்கும் மரமும் பறவையும் தப்புமா என்பது பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட் முதல் கோடு போடும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் வரைபடத்துக்கு முன்பே தாவரவியல் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் நிலத்தைக் காட்டினோம்.

அவர் கோடையில் ஒருமுறை பார்த்துவிட்டு, "மழை பெய்ததும் இன்னொரு தடவை வரணும்" என்றார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. வங்கி வட்டி ஓடிக்கொண்டிருக்கிறதே! ஆனால் வடகிழக்குப் பருவமழையில் போனபோதுதான் தென்கிழக்கு மூலையில் தண்ணீர் தேங்குவதும், பக்கத்து நிலத்து ஓடைநீர் அந்த வழியாகவே போவதும் தெரிந்தது. ராத்திரியில் தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. முதல் வரைபடத்தில் அங்கே கார் பார்க்கிங். மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் பக்கத்துக்காரர் வீட்டுக்குள் போகும் என்று சொன்ன பிறகுதான் பார்க்கிங் இடம் மாறியது. தவளைக்காக யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

அந்தத் தாழ்வான மூலையை ஓஎஸ்ஆர் (பொதுத் திறந்தவெளி ஒதுக்கீடு) இடமாகக் காட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலை போக 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அதை அவர்கள் மேடாக்கினாலும் நாம் கேட்க முடியாது. ஆகவே ஓஎஸ்ஆரைச் சாலையோரம் விட்டு, மூலையைக் குடியிருப்பின் பொது இடமாகவே வைத்துக்கொண்டோம்.

அடுத்தது பனை. மேற்கு எல்லையில் வரிசையாக நின்றன, அவற்றில் சில தலை போன மொட்டைப் பனைகள். உள்சாலை அந்த வரிசையைக் குறுக்கே வெட்டிப் போவதாக இருந்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்ததை எடுத்துச் சொன்னதும் சாலை கொஞ்சம் வளைந்தது. மொட்டைப் பனையை மட்டும் விடமாட்டேன் என்றார் ஒப்பந்தக்காரர். "செத்த மரம்தானே சார்?" செத்த பனையில்தான் பொந்து இருக்கும், கிளியும் மைனாவும் ஆந்தையும் குஞ்சு பொரிப்பது அங்கேதான். விழுந்தால் ஆள் மேல் விழக் கூடாது என்பது நியாயமான கவலை. அதனால் மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரம் தள்ளி நடைபாதை போட்டோம். உயிருள்ள பனைகளில் தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்த மாதங்களில் அந்தப் பக்கம் ஜேசிபி போகவில்லை. அடித்தள வேலையை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினோம்.

மேல்மண்ணுக்குத்தான் அதிகம் காவல் காக்க வேண்டியிருந்தது. கட்டடமும் சாலையும் வரும் இடங்களில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்துச் சேமித்து, மரம் நடும்போது திரும்பப் போட வேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனை. நடைமுறையில் மண் லோடு கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மார்பளவுக்கு மேல் குவிக்காமல், மேலே சணப்பு என்ற பசுந்தாள் செடியை விதைத்தோம். பச்சையாகத் தெரிந்ததும் அதை 'மண் குவியல்' என்று யாரும் நினைக்கவில்லை, திருட்டும் நின்றது. பின்னால் பரப்பியபோது தும்பையும் குப்பைமேனியும் விதைக்காமலே முளைத்தன.

நிற்கும் மரங்களைச் சுற்றிக் கிளை பரவிய அளவுக்கு வேலி போடச் சொல்வார்கள். வேலி மட்டும் போதாது. வெயிலில் வேலை செய்கிறவர் மர நிழலில்தான் கலவை போடுவார், சிமெண்டுத் தண்ணீர் வேருக்குத்தான் போகும். தனியாக ஒரு நிழல் கொட்டகை போட்டுக் கொடுத்தபின் வேலியை யாரும் தாண்டவில்லை.

மரம் நடுவது கடைசி வேலை. 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் என்பது கணக்கு. ஐந்து ஏக்கருக்கு 250 சொச்சம். நிற்கும் மரங்களும் அதில் சேரும். தோட்டக் கலைஞர் கொடுத்த பட்டியலில் கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரம், அலங்காரப் பனை, கொரியன் புல். கோனோகார்ப்பஸை 2025-ல் தமிழ்நாடு அரசே தடை செய்துவிட்டது, அதனால் இனி அந்த வாக்குவாதம் யாருக்கும் இருக்காது. நாங்கள் புங்கன், நாவல், இலுப்பை, மகிழம், பூவரசு எனப் போனோம். ஈரமான மூலையில் நீர்மருதும் மாவிலங்கமும். வேலியோரத்துக்கு வெப்பாலை, நுணா, காசான். நர்சரிகளில் காசான் கிடைப்பது குதிரைக்கொம்பு. கட்டடம் எழும்பத் தொடங்கும்போதே சொல்லி வைத்து வளர்க்கச் செய்வதுதான் வழி.

காம்பவுண்டுச் சுவரின் அடியில் கீரியும் ஓணானும் போகச் சின்னத் திறப்புகள் விட்டதற்கு வீடு வாங்க வந்தவர்களிடமிருந்து எதிர்ப்பு: "பாம்பு வருமே?" பாம்பு எலியைத் தேடி வரும், எலி குப்பையைத் தேடி வரும். குப்பைக் கூடத்துக்கு முதலில் கதவு போட்டோம். திறப்புகளில் பாதியைக் கம்பி வலை போட்டு மூடச் சொன்னதற்குச் சரி என்றோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைத்தபோது மரப் பட்டியலையும் ஓடையின் வரைபடத்தையும் பராமரிப்பு ஒப்பந்தத்துடன் இணைத்தோம். இப்போது நடக்கும் விவாதம் மரங்களுக்கு அடியில் அலங்கார விளக்கு போடுவதா என்பது. சங்கத் தலைவர் போடலாம் என்கிறார். பனை வரிசைப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்பு.