இருபது மாதப் பேட்டரி

2025 ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பும் அதுவுமாக வண்டி கிளம்பவில்லை. வெயில் ஏறுவதற்குள் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஏழு மணிக்கே அப்பாவை ஏற்றி உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். டக் டக் டக் என்று ஒரு சத்தம். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி, திரும்ப எரிந்தன. அவ்வளவுதான். இரண்டாம் சனியும் ஞாயிறும் பேங்க் லீவு என்பதால் வெள்ளி மாலைக்குப் பிறகு வண்டியை எடுக்கவே இல்லை.

எதிர்வீட்டு அண்ணனும் பால்காரரும் தள்ளினார்கள். அப்பா உள்ளே இருந்தபடியே, "செகண்ட் கியர் போட்டுக்கோ. வேகம் வந்ததும் கிளட்சைப் பட்டுன்னு விடு" என்றார். இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. கோவிலுக்குப் போன பிறகு அணைக்கப் பயம். அப்பாவும் மகனும் தரிசனம் முடித்து வரும்வரை எஞ்சினை ஓடவிட்டபடி வண்டியிலேயே உட்கார்ந்து புத்தாண்டு கொண்டாடினேன்.

வீட்டுக்கு வந்து வாரண்டி கார்டைத் தேடி எடுத்தேன். 2023 ஆகஸ்ட்டில் வாங்கியது. இருபது மாதம்தான் ஆகிறது. 2018-இல் வண்டியோடு வந்த பேட்டரி ஐந்தரை வருஷம் ஓடியது.

ஏப்ரல் 15, செவ்வாய்

பேட்டரி கடை. சார்ஜ் இருந்தால் பச்சை காட்டும் மேல்பக்கத்து வட்டக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "கண்ணு பச்சையாத்தான் இருக்கு சார்" என்றார் கடைக்காரர். சார் என்றது அப்பாவை. கார்டு என் பெயரில், வண்டி ஓட்டி வந்தது நான், பேசுவதும் நான். பதில் மட்டும் அப்பாவுக்குப் போகிறது. அப்பாவும் சளைக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பச்சைக் கண்ணை நம்ப முடியாது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல். கண் பார்ப்பது அதில் ஒரே ஒரு செல்லைத்தான். மீதி ஐந்தும் எக்கேடு கெட்டாலும் அது பச்சையாகவே சிரிக்கும்.

டெஸ்டர் வைத்தார்கள். 11.9 வோல்ட். சார்ஜில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் பேட்டரியை மாட்டிவிட்டார்கள். அதன் மேல் யாரோ ஆணியால் பெரிதாக 'கடன்' என்று கீறியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 17, வியாழன்

வாரண்டியில் வராதாம்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி, விளக்கத்தைக் கேட்காமலேயே வந்தது. ஆனால் கடைப்பையன் பொறுமையாகக் காட்டினான். ஆறு மூடியையும் கழற்றி, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் அளவுகோலைப் படிக்கச் சொன்னான். முழு சார்ஜில் 1.265 பக்கம் இருக்க வேண்டும். எல்லா செல்லும் 1.230, 1.235 என்று ஒன்றாகவே நின்றன. "ஒரு செல் மட்டும் தனியா கீழே விழுந்திருந்தா கம்பெனி கோளாறு மேடம். உடனே மாத்திடுவாங்க. இது ஆறும் சேர்ந்து இறங்கியிருக்கு. பேட்டரி பட்டினி கிடந்திருக்கு."

சார்ஜ் ஏற்றிய என் பேட்டரியையே திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பட்டினி என்ற சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

டெஸ்டர் கொடுத்த சீட்டில் சி.சி.ஏ. என்று ஒரு எண். புதிதாக இருந்தபோது இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறியது. அந்த எண்ணின் அர்த்தம், மைனஸ் 18 டிகிரிக் குளிரில் 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் கொடுக்க முடியும் என்பது. வேலூரில் உட்கார்ந்துகொண்டு மைனஸ் 18-ஐ நினைத்துப் பார்க்கவாவது முடிகிறதே, அதுவே இந்த மாதத்துக்குப் போதும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். 450 ரூபாய்.

பானெட்டைத் திறந்தால் பிளஸ் டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பூ பூத்திருந்தது. 2023-இல் மாட்டிய பையன் புதுப் பேட்டரிக்குப் பழைய கிளாம்ப்பை அப்படியே போட்டிருக்கிறான். முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் என்ற வரிசையில் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கலந்து ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. மகனுக்கு அதைப் பார்த்து அத்தனை சந்தோஷம், இன்னொரு டம்ளர் கலந்து எடுத்து வந்துவிட்டான். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்ததும் ஈயம் பளிச்சென்று தெரிந்தது. துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின்.

எஞ்சின் அணைந்த நிலையில் 12.58 வோல்ட். ஓடும்போது 14.1. ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டு ஐடிலில் விட்டால் 13.7. ஆக, ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. தெருமுனை மெக்கானிக் நேற்று 'டைனமோ போயிருக்கும், இறக்கிப் பார்த்துடலாம்' என்று சொல்லியிருந்தார். இறக்கியிருந்தால் செலவு அதோடு நின்றிருக்காது.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் வண்டியைத் தொடும் முன் எடுத்த கணக்கு. திங்கள் 12.52. செவ்வாய் 12.47. புதன் 12.43. இன்று 12.38. தினமும் பேங்குக்குப் போய் வந்தும் இறங்குகிறது. 12.6-க்கு மேல் என்றால் வயிறு நிறைந்தது, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி போனால் ஆயுசு குறையும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மின்சாரம் எங்கே கசிகிறது என்று பார்க்கும் நாள்.

முதலில் நானே முயன்றேன். மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகிச் சேர்க்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த அப்பா, "எடுக்குதான்னு பாரு" என்று பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பிவிட்டார். செல்ஃப் மோட்டார் கேட்பது நூறு ஆம்பியருக்கு மேல். மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் அந்தக் கணமே போனது. அப்பா முகத்தைப் பார்த்த பிறகு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

பிறகு சத்துவாச்சாரியில் அப்பாவுக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரச்சொன்னோம். அறுபது வயதிருக்கும். பையிலிருந்து அவர் எடுத்தது மீட்டர் இல்லை, இரண்டு ஒயரோடு ஒரு சின்ன பல்ப். கழற்றிய கேபிளுக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவில் அதை மாட்டினார். கதவுத் தாழை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்தார். "இனிமே அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது. கம்ப்யூட்டர் தூங்கணும்" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார்.

காபி முடிந்து வந்து பார்த்தோம். எரிகிறது என்று சொல்ல முடியாது, பல்பின் இழை மட்டும் ஊதுபத்தி நுனி மாதிரி சிவந்திருந்தது. அவர் கையால் மறைத்து நிழலாக்கிக் காட்டியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. "இதோ பாரு, சொட்டுது." ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார். ஹார்ன், ரூம் லைட், சென்ட்ரல் லாக், எதற்கும் அசையவில்லை. ஆடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் சிவப்பு பொட்டென்று அணைந்தது.

புது ஃபியூஸ் போட்ட என் மீட்டரில் அளந்தோம். ஆடியோ செட்டோடு 0.14 ஆம்பியர். செட் இல்லாமல் 0.03. கடிகாரம், லாக், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து தின்னும் 0.03 நியாயமான தீனி. 0.05-க்குள் இருந்தால் கவலையில்லை.

அந்த ஆண்ட்ராய்டு செட்டை 2023 தீபாவளிக்கு நான்தான் ஆசைப்பட்டுப் போட்டேன். சாவியை எடுத்தாலும் அது அணைவதில்லை. திரையை மட்டும் இருட்டாக்கிக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடக்கிறது, அடுத்த முறை சட்டென்று எழுந்துகொள்ளலாம் என்று. செட்டிங்ஸில் ஐந்து படி உள்ளே போய் ஸ்லீப்பை நிறுத்தி முழுதாக அணையும்படி வைத்தேன். இப்போது வண்டி எடுத்ததும் பாட்டு வர முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். இந்த முப்பது விநாடிக்காகவா ஒரு பேட்டரி!

ஏப்ரல் 28, திங்கள்

மதியம் கவுண்டரில் கூட்டமில்லை. ஒரு பே-இன் ஸ்லிப்பின் பின்பக்கம் போட்ட கணக்கு:

செலவு: 0.14 ஆம்பியர், 24 மணி நேரத்துக்கு 3.4 ஏ.எச். (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). என் பேட்டரி மொத்தமே 35.

வரவு: பேங்க் இரண்டரை கிலோமீட்டர். போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம். சார்ஜ் ஏறும் வேகத்தைத் தாராளமாக 10 ஆம்பியர் என்று வைத்தாலும் 2.7 ஏ.எச்.

தினமும் துண்டு விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை வரவே கிடையாது.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது ஸ்டார்ட் செய்வதற்கு ஆகும் செலவு. அடிக்கடி ஸ்டார்ட் செய்துதான் பேட்டரி வீணாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 150 ஆம்பியர் இரண்டு விநாடிக்குப் போனால் 0.08 ஏ.எச்., ஓட ஆரம்பித்த ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். திருடன் நின்ற இடத்திலேயே இருந்திருக்கிறான்.

இப்படி மாதக்கணக்கில் அரைவயிற்றோடு கிடந்தால் தகடுகளின் மேல் படிந்த ஈய சல்பேட், பாகு காய்ந்து கல்கண்டாவது போல இறுகிவிடும். பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பகுதி வேலைக்கு வராது. கடைப்பையன் சொன்ன பட்டினி இதுதான்.

மே 6, செவ்வாய்

கத்திரி ஆரம்பித்து மூன்றாம் நாள். பேங்க் வாசலில் நிழலே கிடையாது. மாலை பானெட்டைத் தொட்டேன், தோசை வார்க்கலாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் குளிர்தான் பேட்டரிக்கு எமன் என்கிறார்கள். குளிர் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். ஆயுளைத் தின்பது சூடு. பத்து டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், தண்ணீர் வற்றும், பிளஸ் தகட்டின் சட்டம் அரிக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு செல்லில் மட்டம் குறைந்திருந்தது. டிஸ்டில்டு வாட்டர் விட்டேன். குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்த மகனை விரட்டினேன்.

எதிர்வீட்டு அண்ணன், தினமும் காலையில் ஐந்து நிமிடம் நிற்கவைத்தே ஓடவிடச் சொல்கிறார். தள்ளிவிட்டவரிடம் மறுத்துப் பேச முடியுமா, சரி அண்ணா என்றேன். ஐடிலில் ஐந்து நிமிடம் ஓட்டினால் பெட்ரோல்தான் போகும்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. அப்பா காலையிலிருந்து கேட்டில் நின்று வண்டியைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருந்தார்.

முதல் பேட்டரி ஏன் ஐந்தரை வருஷம் ஓடியது என்பது அப்போதுதான் புரிந்தது. அப்பா மாதம் தவறாமல் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போவார். போக எண்பது கிலோமீட்டருக்கு மேல், வர அதே. அந்த வண்டிக்கு மாதத்தில் ஒரு நாளாவது வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்தது. 2023-இல் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதை விட்டார். அதே வருஷம்தான் புதுப் பேட்டரி, புதுச் செட், என் இரண்டரை கிலோமீட்டர்.

"இன்னிக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கா? பார்க்கிங் தேடறதுலயே உன் பேட்டரி தீந்துடும்" என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

மே 18, ஞாயிறு

காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். கிளம்பும் முன் 12.49. கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர். அப்பா பக்கத்து சீட்டில், வலது காலை அவ்வப்போது தரையில் அழுத்தி அவர் பங்குக்குப் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். போளூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது எஞ்சினை அணைக்கவா வேண்டாமா என்று யோசித்தேன். "அணை. எடுக்கும்" என்றார். எடுத்தது.

கிரிவலம் நடக்க அவரால் இப்போது முடியாது. பதினான்கு கிலோமீட்டரையும் வண்டியிலேயே மெல்லச் சுற்றினோம். லிங்கத்துக்கு லிங்கம் இறங்கிக் கும்பிட்டார், ஒவ்வொரு தடவையும் நான் அணைத்துத் திரும்ப எடுத்தேன். எட்டு முறை. எட்டிலும் முனகாமல் பிடித்தது.

மே 19, திங்கள்

இரவு முழுக்க நின்ற பிறகு 12.61.

ஜூன் 8, ஞாயிறு

பேட்டரி முழுதாகத் தேறவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.7 வரை விழுகிறது. நல்ல பேட்டரி பத்துக்கு மேலேயே நிற்கும். இறுகிய கல்கண்டு கரையாது. எலக்ட்ரீஷியன், தீபாவளி வரை தாங்கும் என்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன், பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். செட்டைப் பொருத்தியவருக்குப் போன் செய்தேன். எல்லா வண்டியிலும் அப்படித்தான் போடுகிறோம், யாரும் குறை சொன்னதில்லை என்றார். யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மீட்டர் இப்போது அப்பாவிடம். காலையில் பால் வாங்கிய கையோடு பானெட்டைத் திறந்து, சிவப்பைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிக்கிறார். சமையலறைக் காலண்டரில் இன்றைய தேதிக்குக் கீழே அவர் கையெழுத்து: பால் 1 லி. 12.57. புதன்கிழமைக்கு மட்டும் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். பார்த்தால், அன்று பௌர்ணமி.