வன்னியில் இருந்து கனடா போய் கணினி படிக்க நினைக்கும் பிள்ளைக்கு

பிள்ளைகளோடு கனடாவில் வந்து இறங்கும் எங்கள் வன்னிச் சனம் முதலில் கேட்பது "சோதினை எப்ப?" என்பதுதான். இலங்கையின் ஏ எல் (உயர்தரப் பரீட்சை) மாதிரி ஒரு பெரிய சோதனை முன்னால் கிடக்கிறது, இரண்டு வருடம் ரியூசனுக்கு விட்டால் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு. ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படி ஒரு சோதனையே இல்லை. 12ஆம் வகுப்பில் எடுக்கும் பல்கலைக்கழகத் தரப் பாடங்களில் சிறந்த ஆறின் புள்ளிகளைத்தான் பார்க்கிறார்கள், அந்தப் புள்ளியும் பாடம் தொடங்கிய நாளில் இருந்து வகுப்பில் வைக்கும் சின்னச் சின்னச் சோதனை, ஒப்படை, கடைசிப் பரீட்சை என்று சேர்ந்து வருவது. கணினி விஞ்ஞானம் போலப் போட்டி கூடிய துறைக்கு அது மட்டும் போதாது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்றும் பல இடங்களில் எழுதிக் கேட்கிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், நான் விடுமுறைக்குக் கிளிநொச்சியில் நிற்கிறேன், அக்காவின் மகன் ஓ எல் (சாதாரணதரப் பரீட்சை) முடித்துவிட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகிறான். அத்தானின் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, குடும்பத்துக்கும் நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் ரொறொன்ரோவின் ஸ்காபுறோப் பகுதியில் பள்ளிக்கூடம். பெடியனுக்குக் கணினி என்றால் உயிர். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினால் விடமாட்டான், அவனுக்குச் சொன்னது இன்னும் நாலு குடும்பத்துக்கு உதவும்.

முதலில் கணிதம். 11ஆம் வகுப்பில் கணிதம் பல தரத்தில் இருக்கிறது, அதில் பல்கலைக்கழகத் தரமான 'பங்ஷன்ஸ்' பாடத்தை எடுத்தால்தான் 12இல் 'அட்வான்ஸ்ட் பங்ஷன்ஸ்', 'கல்குலஸ் அன்ட் வெக்ரர்ஸ்' இரண்டுக்கும் நேராகப் போகலாம், கணினி விஞ்ஞானத்துக்குப் பல இடங்களில் இந்த இரண்டையும் கேட்கிறார்கள். புதிதாக வரும் பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாறுகிறது என்று பார்த்துக் கணிதத்தையும் இலகுவான தரத்தில் போட்டுவிடுவது நடக்கிறது. நல்ல மனதோடுதான் செய்வார்கள், ஆனால் அந்தப் பாதையில் போய்விட்டால் திரும்பி வரக் காலம் எடுக்கும். வன்னிப் பள்ளிக்கூடத்தில் கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை அங்கே கணிதத்தில் பின்னுக்கு நிற்க ஒரு காரணமும் இல்லை. பாடம் தெரிவு செய்யும் நாளில் தாயோ தகப்பனோ கூடப் போய் இருங்கள், மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்து தருவார்கள்.

ஆங்கிலம்தான் பாரமான இடம். 12ஆம் வகுப்புப் பல்கலைக்கழகத் தர ஆங்கிலம் கட்டாயம், 16 வயதில் வரும் பிள்ளை பெரும்பாலும் அதற்கு முன் ஈஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கிலப் பாடம்) படிகளில் ஏற வேண்டும். அதனால் ஒரு வருடம் கூடப் படிக்க நேர்ந்தால் படிக்கட்டும். அக்காவுக்கு இதுதான் பொறுக்கவில்லை, "ஒரு வருசம் வீணாப் போயிடும் எல்லோ" என்றா. எனக்கு அந்தப் பதற்றம் விளங்குகிறது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்கள் படிப்பு துண்டு துண்டாகப் போனது, 2009இல் பள்ளிக்கூடமே முகாமுக்குள் வந்தது, அப்படி வருடங்களை இழந்தவர்களுக்குப் பிள்ளையின் ஒரு வருடம் சின்ன விடயம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அரைகுறை ஆங்கிலத்தோடு அவசரமாக முடித்துப் புள்ளி குறைவதைவிட அந்த ஒரு வருடம் நல்லது.

இனி பள்ளிக்கு வெளியே செய்கிறவை. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் எடுக்கவே 40 மணித்தியாலச் சமூக சேவை செய்தாக வேண்டும், அது எல்லாருக்கும் பொது, அதைப் பெரிய சாதனையாக யாரும் பார்க்கப் போவதில்லை. எங்கள் ஆட்கள் செய்வது என்னவென்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை ரோபோ வகுப்புக்குப் போகிறதாம், நடுவர் சான்றிதழ் எடுத்ததாம் என்று கேள்விப்பட்டு எல்லாவற்றுக்கும் காசைக் கட்டிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு திரிவது. தேவையே இல்லை. ஒன்றோ இரண்டோ, ஆனால் இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்தது, அதில் தானாக எதையாவது கட்டி எழுப்பியது, அதுதான் விண்ணப்பத்தை வாசிப்பவர் மனதில் நிற்கும்.

"சித்தி, நான் ஒண்டும் செய்யேல்லையே, என்னத்த எழுதுறது?" என்று பெடியன் கேட்டான். அத்தான் போன பிறகு இரணைமடுவுக்குக் கீழே உள்ள வயலின் கணக்கு முழுவதையும் இவன்தான் கைத்தொலைபேசியில் வைத்திருக்கிறான்: உரம், உழவுக் கூலி, வெட்டு மெசின் வாடகை, விற்ற நெல், போகத்துக்குப் போகம் என்ன மிஞ்சியது என்று எல்லாம். மாலையில் கரடிப்போக்குச் சந்திப் பக்கம் ஒரு போன் திருத்தும் கடையில் நிற்கிறான். இதைவிட என்ன வேண்டும்? அந்த வயல் கணக்கை பைத்தன் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரலாக எழுது, பெரியம்மா வீட்டுக்காரரும் பாவிக்கிற மாதிரித் தமிழில் செய், பிழை வந்தால் திருத்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று குறித்து வை என்றேன். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தகவல் படிவத்தில் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, செய்த வேலையையும் கேட்கிறார்கள். கடையில் நின்றதையும் எழுதலாம், தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டதையும் எழுதலாம். வீட்டுப் பொறுப்பைச் சுமந்த பிள்ளைகள் அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள், அது எனக்கு மனவருத்தம்.

போட்டிகள் உண்மையிலேயே பயன் தருகிறவை. வாட்டர்லூவின் கணித, கணினிக் கல்வி நிலையம் நடத்தும் கனேடியக் கணினிப் போட்டி பெப்ரவரியில் வரும், மூன்று மணித்தியாலம், ஐந்து கணக்கு, இளையோர் மூத்தோர் என்று இரண்டு நிலை. கணிதத்துக்கு 9ஆம் வகுப்பில் பாஸ்கல், 10இல் கேலி, 11இல் ஃபெர்மா, 12இல் யூக்ளிட். பழைய வினாத்தாள்கள் எல்லாம் இணையத்தில் இலவசம், கிளிநொச்சியில் இருந்துகொண்டே இன்றைக்கே செய்யலாம், அவனும் இளையோர் தாள் ஒன்றைத் தொடங்கிவிட்டான்.

எங்கே படிப்பது என்று வந்தால் எல்லார் வாயிலும் வாட்டர்லூதான். நல்ல இடம், அதில் சந்தேகம் இல்லை, நாலு மாதம் படிப்பு நாலு மாதம் சம்பள வேலை என்று மாறி மாறி வரும் கோ-ஒப் முறை அங்கே மிகப் பெரிது. ஆனால் கணினி விஞ்ஞானமும் மென்பொருள் பொறியியலும் ஒன்று என்று நினைத்து விண்ணப்பிக்காதீர்கள். மென்பொருள் பொறியியலுக்கு 12ஆம் வகுப்பு பௌதிகமும் இரசாயனமும் வேண்டும், கணினி விஞ்ஞானம் அங்கே கணித பீடத்துக்குள் இருக்கிறது, அதற்கு அவை கட்டாயம் இல்லை. முடிவு எடுக்காத பிள்ளை இரண்டு பாடத்தையும் 11இல் விடாமல் வைத்திருப்பது நல்லது. எங்கள் மகள் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபுறோ வளாகத்தில் படிக்கிறா, அங்கேயும் கணினிக்குக் கோ-ஒப் இருக்கிறது, வீட்டில் இருந்து பஸ்ஸில் போய் வருகிறா, அறை வாடகை மிச்சம். யோர்க், ரொறொன்ரோ மெட்ரோபொலிற்றன், ஒஷாவாவில் உள்ள ஒன்ராறியோ ரெக் என்று பக்கத்திலேயே இன்னும் இருக்கின்றன. இலங்கையில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்று பிரித்து, கிளிநொச்சிப் பிள்ளைக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கே அந்த வாசல் இல்லை, அதனால் ஒரே ஒரு பெயரில் எல்லா நம்பிக்கையையும் வைக்காமல், நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்த இடம் ஒன்றையாவது பட்டியலில் சேருங்கள்.

காசு விடயத்தில் வதிவிட நிலைதான் முக்கியம். நிரந்தர வதிவிடம் உள்ளவரும் அகதியாக ஏற்கப்பட்டவரும் உள்நாட்டுக் கட்டணம்தான் கட்டுவார்கள், ஒன்ராறியோ அரசின் ஒசாப் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். கோரிக்கை இன்னும் முடியாத குடும்பத்துக்கு ஒசாப் கிடைக்காது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எந்த நிலையில் உள்ள பிள்ளையையும் சேர்க்கலாம், பயப்படாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

அக்காவுக்குக் கடைசியாகச் சொன்னது பேப்பர்கள் பற்றி. பழைய படிப்புக்கு எத்தனை பாடத் தகுதி தருவது என்று தீர்மானிப்பது அங்குள்ள அதிபர், அவருக்குக் கையில் ஏதாவது வேண்டும். 9, 10, 11ஆம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கைகள், ஓ எல் பெறுபேறு, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதிபரின் கையெழுத்தோடு எடுக்கிறோம், விடுமுறை விட்டால் பிறகு ஆளைப் பிடிக்க முடியாது.