தண்ணீர்மலைக்கு ஒரு தைப்பூசம்

எங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின், பெயர் தண்ணீர்மலை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். மலேசியாவின் பினாங்குத் தீவில், அருவிக்குப் பக்கத்தில் முருகன் குடியிருக்கும் மலையின் பெயர் அது என்பது அப்போது எனக்கும் தெரியாது. கடல் கடந்து கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் அங்கே கோயில் எழுப்பினார்கள், சாமி பேரை ஊருக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ஐயா கடைசிவரை அந்த மலையைப் பார்த்ததில்லை. 2025 தைப்பூசத்துக்கு நான் போனேன்.

பிப்ரவரி 5 இரவு பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் இறங்கினேன். பொங்கல் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, இங்கே வீட்டு வாசல்களில் தோகையோடு கரும்பு கட்டியிருக்கிறது! விடுதிக்காரர் காரணம் சொன்னார். அந்த வீட்டுக்காரர்கள் ஹொக்கியன் என்ற பிரிவைச் சேர்ந்த சீனர்களாம். முன்னோர்கள் எதிரிகளுக்குப் பயந்து கரும்புக் காட்டில் ஒளிந்து பிழைத்தார்களாம். அதற்காகச் சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் வானத்து அரசருக்குக் கரும்பு வைத்துக் கும்பிடுகிறார்கள். நடுநிசிக்கு வெடிச் சத்தத்தில் தூங்க முடியவில்லை.

10ஆம் தேதி திங்கட்கிழமை, செட்டிப்பூசம். தைப்பூசத்துக்கு முந்தின நாளை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். விடிவதற்கு முன்பே பினாங்குத் தெருவில் உள்ள செட்டியார்களின் கோவில் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். முருகனின் தேர் அங்கிருந்துதான் கிளம்பும். 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலேற்றிய வெள்ளித்தேர். "இன்னமும் மாடுதான் இழுக்குதான்னு பார்த்துட்டு வா" என்று அப்பத்தா சொல்லி அனுப்பியிருந்தார். மாடுதான் இழுக்கிறது. 2017 முதல் தங்கத்தேர் ஒன்றும் ஓடுகிறது. அது குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்துகொண்டு கிளம்பும். ஒரே முருகனுக்கு எதற்கு இரண்டு தேர் என்று ஒருவரிடம் கேட்டேன். "அது பெரிய கதை, விடுங்க" என்று சிரித்தார். ஊர் இரண்டையும் கும்பிடுகிறது.

தேரைவிட என்னை நிறுத்தி வைத்தது தேங்காய்தான். சாலையோரம் ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருக்கிறார்கள். உடைக்கக் காத்திருப்பவர்களில் சீனர்கள் ஏராளம். குடும்பம் குடும்பமாக வந்து, கையில் ஊதுபத்தியைப் பிடித்துத் தேங்காய்க் குவியலைச் சுற்றி வணங்குகிறார்கள். தேர் நெருங்கியதும் படபடவென்று உடைகிறது. இளநீர் தெறித்து என் வேட்டி நனைந்தது. ஓடு காலில் குத்தியது. இயந்திரம் வந்து சாலையைத் தள்ளிச் சுத்தம் செய்த பிறகுதான் தேர் நகர்கிறது. இத்தனை காயும் சமையலுக்கு ஆகுமே என்று எனக்கு மனசு பதறியது, இப்போதும் பதறுகிறது. ஆனால் பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, உடைத்த ஒவ்வொரு காய்க்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவர் பேரன் கொச்சைத் தமிழில் "அம்மாவுக்கு ஆப்பரேஷன், நல்லாயிடுச்சு" என்றான். அதற்குமேல் நான் கணக்குப் பார்க்கவில்லை.

மறுநாள் மலை. 513 படி. மேலே 2012இல் குடமுழுக்கு ஆன புதிய கோயில். வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள், உறுமி மேளம், அலகுக் காவடிகள். ஒரு பந்தலில் ரோஜா நிறத்தில் சர்பத்தும் சைவ மீகூனும் (அரிசிச் சேமியா) கொடுத்தார்கள். பரிமாறிய அக்கா, "எங்கேருந்து தம்பி?" என்றார். காரைக்குடி என்றதும் இன்னொரு கரண்டி போட்டுவிட்டார். முந்நூறாவது படியில் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது. பால்குடம் சுமந்த பெண்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

சந்நிதியில் கூட்டம் தள்ளியது. அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"பேரு?"

"தண்ணீர்மலை."

"சாமி பேருக்கா?"

"இல்லீங்க, எங்க ஐயா பேரு. நட்சத்திரம் பூசம்."

அர்ச்சகர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேரைக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். கண்ணீர் வந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் தள்ளியதில் அழக்கூட நேரமில்லை.

12ஆம் தேதி இரவு கடற்கரைத் திடலுக்குப் போனேன். தைப்பூசமும் முழுநிலா, சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளும் முழுநிலா. அந்த வருடம் இரண்டும் அடுத்தடுத்து விழுந்தன. கல்யாணமாகாத பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டிக் கடலில் ஆரஞ்சுப் பழம் எறிந்துகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்த என் கையிலும் ஒருத்தி பழத்தைத் திணித்தாள். கல்யாணமாகி இருபது வருடம் ஆனவன் எதை வேண்டி எறிவது? பைக்குள் விபூதிப் பொட்டலத்தோடு போட்டுக்கொண்டு, கோவில் வீட்டுக்குத் திரும்பும் வெள்ளித்தேரைப் பார்க்க நடையைக் கட்டினேன்.