குழந்தை, சமையல், பி1: ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் படித்த அனுபவம்

ஸ்டுட்கார்ட்டில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஜெர்மன் நான்கே சொற்கள்: ஹலோ, டாங்கெ, பிட்டெ, ச்யூஸ். கணவருக்கு புளூ கார்டு வேலை; படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்குத் தரும் வசிப்பு அனுமதிதான் புளூ கார்டு. புளூ கார்டில் வருகிறவரின் மனைவிக்கோ கணவருக்கோ விசாவுக்கு ஏ1, அதாவது ஜெர்மன் மொழியின் முதல் நிலைச் சான்றிதழ் கேட்பதில்லை. அப்போது அது பெரிய நிம்மதியாக இருந்தது. இன்று விசாவுக்காகக் காத்திருக்கும் யாராவது என்னிடம் கேட்டால், கேட்காவிட்டாலும் ஏ1 படித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். வந்த முதல் சில மாதங்கள் வீடு தேடுவதிலும், முகவரிப் பதிவிலும், குழந்தைக்கு கீட்டாவில் இடம் கேட்டு அலைவதிலும் போய்விடும். கீட்டா என்பது இங்கே பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அது கிடைக்கும்வரை படிப்பதற்கென்று தனி நேரம் கிடையாது.

ஏ1, ஏ2 தாண்டி வரும் மூன்றாவது நிலைதான் பி1. அதை முடிக்க எனக்கு இரண்டரை வருடம் ஆனது. ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட்டின் பி1 தேர்வில் நான்கு பகுதிகள்: வாசித்தல் 65 நிமிடம், கேட்டல் சுமார் 40, எழுதுதல் 60, பேசுதல் சுமார் 15. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை எழுதியவர்கள்தான் அறிவார்கள். நான்கையும் ஒரே நாளில் எழுதியே ஆக வேண்டும் என்று மனதில் பாரம் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நான் மூன்றில் முதல் தடவையே தேறினேன். கேட்டலில் தவறி, மறுபடி எழுதினேன். ஏன் அந்த ஒன்றில் மட்டும் தவறினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சமையலறையிலிருந்து தொடங்குகிறேன். என் ஜெர்மன் அங்கேதான் தொடங்கியது.

வந்த இரண்டாவது வாரம். ஊரிலிருந்து கொண்டுவந்த சீரகம் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையின் மசாலா அடுக்கில் சீரகம் போலவே, கொஞ்சம் வளைந்த விதை. பாக்கெட்டின் மேல் 'க்யும்மல்' என்று போட்டிருந்தது. வாங்கி வந்து மிளகோடு தட்டி ரசம் வைத்தேன். கொதி வந்ததுமே வாசனை வேறாக இருந்தது. ஓமமும் சோம்பும் கலந்த மாதிரி ஒரு நெடி. கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன போட்ட இன்னைக்கு?" என்றார். மறுநாள் அதே அடுக்கின் முன் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். நமது சீரகத்துக்கு இங்கே 'க்ராய்ட்ஸ்க்யும்மல்' என்று பெயர். வெறும் க்யும்மல் இவர்கள் ரொட்டியிலும் முட்டைக்கோஸிலும் போடும் வேறொரு விதை.

அன்று எனக்குச் சீரகத்தோடு ஒரு இலக்கணமும் கிடைத்தது. ஜெர்மனில் சொற்களைக் கோத்து நீளமாக்கிக்கொண்டே போவார்கள். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் டேர், டீ, டாஸ் என்று ஒன்று வரும். அப்படிச் சேர்ந்த சொல்லுக்கு மூன்றில் எது வரும் என்பதைக் கடைசித் துண்டுதான் தீர்மானிக்கும். க்யும்மலுக்கு டேர் என்றால் க்ராய்ட்ஸ்க்யும்மலுக்கும் டேர். புத்தகத்தில் இதே விதியை மூன்று தடவை படித்தும் எனக்கு நிற்கவில்லை. கெட்டுப்போன ஒரு ரசம் நிறுத்திவிட்டது.

அதற்கப்புறம் வீட்டுக்கு வரும் எந்தப் பாக்கெட்டையும் படிக்காமல் டப்பாவில் கொட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தயிரின் மேல் 'குறைந்தபட்சம் இந்தத் தேதிவரை தாங்கும்' என்றிருக்கும். அரைத்த இறைச்சியின் மேல் 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தப்பட வேண்டும்' என்றிருக்கும். முதல் வகையில் தேதி தாண்டினாலும் முகர்ந்து, ருசி பார்த்துச் சாப்பிடலாம். இரண்டாவதில் தேதி தாண்டினால் குப்பைதான். இந்த இரண்டாவது வாக்கியத்தில் இருப்பது செயப்பாட்டுப் பொருள் தரும் ஒரு அமைப்பு. வகுப்பில் ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை.

உணவில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து மேல்மாடிப் பாட்டி. இந்த வட்டாரத்தில் 'கேர்வோகெ' என்று ஒரு வழக்கம் உண்டு. அடுக்குமாடி வீடுகளில் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது வாரம் ஒரு வீட்டின் முறை. யாருடைய முறையோ அவர்கள் கதவில் ஒரு அட்டை தொங்கும். எங்கள் கதவில் முதன்முதலாக அட்டை தொங்கியபோது அது என்னவென்றே எனக்குப் புரியவில்லை. பாட்டி இறங்கி வந்து, துடைப்பம் பிடிப்பது போல் கையால் காட்டி விளக்கினார். எழுபதைத் தாண்டிய வயது. அன்று அவருக்கு ஒரு தட்டில் உளுந்து வடை கொடுத்தேன். தட்டு வெறுமனே திரும்பி வரவில்லை; பருப்பு வந்தது.

ஆமாம், பருப்புதான். பழுப்பு நிறப் பயறை வேகவைத்து, கேரட் போட்டு, இறக்கும்போது வினிகர் விடுகிறார்கள். நாம் புளி விடுகிற அதே இடத்தில். கூடவே ஷ்பெட்ஸ்லெ என்ற மாவுப் பண்டம். வழக்கமாக இதில் பன்றிக்கொழுப்பும் மேலே சாசேஜும் உண்டு. நாங்கள் சாப்பிடமாட்டோம் என்று தெரிந்து அவற்றை விட்டுவிட்டுச் செய்திருந்தார். அடுத்த வாரம் ஷ்பெட்ஸ்லெ எப்படிச் செய்வது என்று காட்டக் கூப்பிட்டார். அலமாரியிலிருந்து அவர் எடுத்த கருவியைப் பார்த்து எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. இரண்டு கைப்பிடி, அடியில் துளைகள்: எங்கள் வீட்டு இடியாப்பக் குழலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மைதா, முட்டை, உப்பு, தண்ணீர் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்த மாவை அதில் போட்டு அழுத்த, கொதிக்கும் நீரில் இழை இழையாக விழுந்தது. மேலே மிதந்து வந்ததும் அரித்து எடுத்தார். பதிலுக்கு ஒரு ஞாயிறு நான் அவருடைய குழலிலேயே இடியாப்பம் பிழிந்தேன். துளை பெரிது என்பதால் தடித்தடியாக வந்தது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு இருவரும் சாப்பிட்டோம்.

பாட்டியோடு சமைத்த ஒவ்வொரு மணி நேரமும் எனக்குப் பேச்சுப் பயிற்சி. ஊற்று, கிண்டு, பொறு, இன்னும் கொஞ்சம், போதும் என்ற கட்டளைச் சொற்களெல்லாம் கையோடு சேர்ந்து வந்தன. அவர் 'கொஞ்சம்' என்பதற்கு 'பிஸ்லெ' என்பார். புத்தகத்தில் 'பிஸ்ஷென்' என்றிருக்கும். சிறியது என்று காட்ட ஒரு சொல்லின் கடைசியில் 'லெ' சேர்ப்பது இந்த ஊர்ப் பேச்சு. அப்படிச் சேர்த்தால் அந்தச் சொல்லுக்கு 'டாஸ்' வந்துவிடும். புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, அவசரப்படாமல் உங்களோடு பேசுகிற ஒரு மனிதரைக் கண்டுபிடியுங்கள்.

வீட்டுக்குள் ஜெர்மன் வேண்டாம் என்று நானும் கணவரும் ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அவளோடு ஜெர்மனில் பேசினால் எனக்குப் பயிற்சி ஆகுமே என்று ஆசை வந்தது உண்மை. ஆனால் என்னுடைய உடைந்த ஜெர்மன் அவளுக்கு எதையும் கொடுக்காது. கீட்டாவில் அவள் அதைச் சுத்தமாகக் கற்றுக்கொள்வாள். என்னிடமிருந்து அவளுக்குக் கிடைக்க வேண்டியது தமிழ். இதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன். எட்டு மாதத்தில் அவள் என் 'டேர்', 'டாஸ்' பிழைகளைத் திருத்த ஆரம்பித்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், நான் மறுபடி தமிழிலேயே தொடர்வேன். கொஞ்ச நாள் மனம் கனத்தது. வார இறுதியில் ஈழத் தமிழர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளியில் சேர்த்த பிறகு, அங்கே கிடைத்த தோழிகளோடு பேசுவதற்காகவே தமிழ் திரும்பி வந்தது.

நேரத்தை நாங்கள் பிரித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை 8 மணிக்கு மகளை விட்டால் 2 மணிக்குக் கூட்டி வர வேண்டும். 9 முதல் 11 வரை மேசையில் படிப்பு. அந்த நேரத்தில் பாத்திரம் அப்படியே கிடக்கும். வாரம் இரண்டு மாலை வி.எச்.எஸ். மக்கள் கல்விக்கூடத்தில் வகுப்பு. அன்று இரவுச் சமையலும் மகளைத் தூங்கவைப்பதும் கணவர் பொறுப்பு. அவர் செய்யும் சாம்பாரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். குறை சொல்ல ஆரம்பித்தால் அந்த வேலை மறுபடி நம் கைக்கே வந்துவிடும்.

கடினமாக இருந்தது ஊருக்குப் பேசும் நேரம். குளிர்காலத்தில் நான்கரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. இங்கே காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே மதியம் இரண்டரை. அம்மா சாப்பிட்டு முடித்து ஓய்வாக இருக்கும் நேரம். போன் சரியாக என் படிப்பு நேரத்தில் அடிக்கும். எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடும். எடுக்காவிட்டால் மனது படிப்பில் நிற்காது. ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்: "அம்மா, எனக்குப் பரீட்சை. தினமும் 12 மணிக்கு நானே கூப்பிடுறேன்." அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று பயந்தேன். "படிக்கிற பிள்ளையை நான் ஏன்டி தொந்தரவு பண்ணப் போறேன்" என்றார். இதை ஒரு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

இனி கேட்டல். முதல் தடவை 30 கேள்வியில் 16 சரி, அதாவது 53 புள்ளி. 18 எடுத்திருந்தால் தேறியிருப்பேன். எனக்கு நம்பவே முடியவில்லை. பாட்டி பேசுவது புரிகிறது, கீட்டா ஆசிரியை பேசுவது புரிகிறது, கடையில் புரிகிறது, அப்புறம் இது ஏன்? யோசித்தபோதுதான் விளங்கியது. அவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள். நான் விழித்தால் மெதுவாகச் சொல்வார்கள், கையால் காட்டுவார்கள், வேறு சொல் போடுவார்கள். தேர்வில் வரும் குரலுக்கு என் முகம் தெரியாது. கேட்டலுக்குள்ளும் நான்கு பகுதி; அதில் முதலாவதும் நான்காவதும் இரண்டு முறை ஒலிக்கும். நடுவில் உள்ள இரண்டும் ஒரே முறைதான். இன்னொன்றும் உண்டு. இந்தத் தேர்வை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்று நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியிருக்கின்றன. அதனால் அந்த நாடுகளின் உச்சரிப்புகளும் ஒலிப்பதிவில் வரலாம். வீட்டிலும் கடையிலும் கற்ற மொழி வாழ்க்கைக்குப் போதும். கேட்டல் தேர்வுக்கு அது போதாது, தனிப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கும் சமையலறையே வழி காட்டியது. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்செ வெல்லெ 'மெதுவாக வாசிக்கப்படும் செய்திகள்' என்று இலவசமாகத் தருகிறது, எழுத்து வடிவத்தோடு. முன்பு அதை மேசையில் உட்கார்ந்து கேட்பேன். புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்பேன். அதுதான் தப்பு. ஒருநாள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்டேன். கையெல்லாம் மாவு, போனைத் தொட முடியாது. ஒரு வாக்கியம் தவறிப்போனால் போனதுதான், அடுத்ததைப் பிடிக்க வேண்டும். தேர்வில் நடப்பது அதேதான்! தவறிய கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்து அடுத்த மூன்றைக் கோட்டைவிட்டது அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு மூன்று மாதம் இதே முறை: கை வேலையாக இருக்கும்போது ஒரே தடவை கேட்பது, கை கழுவியதும் நினைவில் நின்றதை நான்கு வரி எழுதுவது, பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுவது. ஒரு மாதம் போனதும் மெதுவான செய்தியை விட்டுவிட்டு, வழக்கமான வேகத்தில் வாசிக்கும் வானொலிக்கு மாறினேன். இரண்டாம் தடவை 80 புள்ளி வந்தது.

மற்ற பகுதிகளுக்கு எனக்கு உதவியது நம்மைச் சுற்றிக் கிடப்பதுதான். வாசித்தலின் ஐந்தாம் பகுதியில் விதிமுறைகள் மாதிரியான உரை வரும். வீட்டு ஒப்பந்தத்தோடு கொடுத்த குடியிருப்பு விதிகளைப் படித்துப் பழகியிருந்ததால் அது கைவந்தது. எழுதுதலில் மூன்றாவது சுமார் 40 சொல்லில் ஒரு மரியாதைக் கடிதம்; மகளுக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டாள் என்று கீட்டாவுக்கு எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! அதில் 'நீ', 'நீங்கள்' வித்தியாசம் ஜெர்மனிலும் இருக்கிறது, தமிழர்களுக்கு அது இயல்பாக வரும். பேசுதலில் முதலில் இருவர் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும். நவம்பர் 11 புனித மார்ட்டின் விளக்கு ஊர்வலத்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்று மற்றப் பெற்றோரோடு பேசியதை அப்படியே அங்கே பேசினேன். அடுத்து வரும் சிற்றுரையில் 'என் நாட்டில் எப்படி' என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு மட்டும் முன்கூட்டியே நாலைந்து வாக்கியங்களைத் தயாராக வைத்திருங்கள். மனதில் நிறைய இருக்கும், வாயில் சொல் வராது.

தேதி பதிவு செய்வதற்கு முன் கீட்டாவின் மூடல் நாட்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நான் பார்க்காமல் பதிந்துவிட்டு, முதல் தேர்வன்று மகளை எங்கே விடுவது என்று முந்தைய இரவுவரை தவித்தேன். பாட்டிதான் பார்த்துக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது இருவரும் மேசையில் மாவைக் கொட்டி வைத்துக்கொண்டு ஷ்பெட்ஸ்லெ பிழிந்துகொண்டிருந்தார்கள். மகள் பாட்டிக்கு 'இடியாப்பம்' என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.