பழைய காரின் கிளட்ச்: பட்டறை நாட்குறிப்பு

2025 ஜனவரி 4, சனி. கடலூர்

சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், 2013 மாடல், பி.ஒய் 01 நம்பர். புதுச்சேரியில் ஓடி, கைமாறி மஞ்சக்குப்பத்துக்கு வந்திருக்கிறது. கேபிள் கிளட்ச், அதாவது பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுத்துக் கிளட்சைப் பிரிக்கும் வகை. ரிவர்ஸ் விழும்போது கரகரவென்று அரைக்கிறது, முதல் கியரில் கிளம்பும்போது உதறுகிறது, பெடல் கனம். விற்ற இடத்தில் "பிளேட் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் முதலில் தெரிவது சிலிப், அதாவது பிளேட் வழுக்கி இன்ஜின் இழுப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேராதது. இந்த மூன்றில் சிலிப்பே இல்லை. கியர்பாக்ஸ் இறக்கும் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

இன்று டெஸ்ட் மட்டும். இன்ஜின் சூடான பிறகு, காலி ரோட்டில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்க வேண்டும். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் சிலிப். சமதரையில் மறைந்துகொள்ளும் லேசான சிலிப், கேப்பர் மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போனால் வெளியே வந்துவிடும். இந்த வண்டி ஏற்றத்திலும் சுத்தமாக இழுத்தது. நின்ற இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் டெஸ்டும் உண்டு. அதை ஒரு தடவையோடு நிறுத்த வேண்டும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகும்.

அடுத்து டிராக், அதாவது பெடலை மிதித்தும் கிளட்ச் முழுசாகப் பிரியாதது. ஐடிலில் கிளட்சை முழுக்க மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு, பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ கிடையாது, மிதித்த கையோடு போட்டால் குறையில்லாத வண்டியும் அரைக்கத்தான் செய்யும். பொறுத்துப் போட்டும் அரைத்தால், இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை விட்டுப் பிளேட் பிரியவில்லை என்று அர்த்தம். இங்கே பொறுத்துப் போட்டும் அரைத்தது.

சத்தத்தையும் கேட்டாயிற்று. நியூட்ரலில் பெடலை மிதிக்கும்போது உறுமினால், கிளட்சை அழுத்திப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங். மிதிக்காமல் இருக்கும்போது உறுமி, மிதித்ததும் நின்றால், கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங், அதற்குக் கிளட்ச் செட் மாற்றி ஒரு பயனும் இல்லை. இதில் முதல் வகை, லேசாக.

ஜனவரி 6, திங்கள்

கேபிள். ஆல்டோ, வேகன் ஆர் போன்ற கேபிள் வண்டிகளில் கிளட்ச் குறை என்று வருவதில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும், ஆனாலும் இதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள்.

பெடலைக் கையால் அழுத்தி, இளக்கமாகப் போகும் தூரத்தை ஸ்கேலில் அளக்க வேண்டும். இந்த வகை வண்டிகளுக்கு 10 முதல் 15 மி.மீ. சரி. அதற்கு மேல் போனால் பெடல் பாதி வீணாகி டிராக் வரும். ஒன்றுமே இல்லாவிட்டால் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களில் ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், நாளடைவில் சிலிப்பும் வரும். இதில் 30 மி.மீ. காட்டியது. கியர்பாக்ஸ் பக்கம் லீவர் முனையில் உள்ள ஜாயிண்ட் நட்டை இறுக்கி 15-க்குக் கொண்டுவந்தும் அரைப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு உள்கம்பியை இழுத்தால் தயங்கித் தயங்கி வருகிறது. வெளி உறையின் கீழ் முனையில் செந்துரு. உப்புக்காற்று படும் ஊரில் இது வழக்கம்தான். ஆனால் உறையின் நடுவே பிளாஸ்டிக் உருகிய தடமும் இருந்தது, அது துருவின் வேலை இல்லை. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஸ்ட்ராப் அரித்துப்போனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் திரும்ப வழி தேடி கிளட்ச் கேபிள் வழியாகப் போகும். உள்ளே லைனர் உருகி, பெடல் கனக்கும். புதுக் கேபிள் போட்டாலும் அதே கதி. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டர் அடித்துப் பார்த்ததில் 0.9 வோல்ட். 0.2, 0.3-க்குள் இருக்க வேண்டியது. ஸ்ட்ராப் புதுசு, உட்காரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இறுக்கினோம். கேபிளும் புதுசு.

கேபிள் போகும் பாதையில் கூர்மையான வளைவு கூடாது. பழையதற்குப் போட்டிருந்த கிளிப்பிலேயே புதியதும் உட்கார வேண்டும். கையில் கிடைத்த இடத்தில் டேப் சுற்றிக் கட்டினால் பெடல் மறுபடி கனம்தான்.

ஜனவரி 8, புதன்

உதறல். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்சைக் கடிக்கும் இடம் வரை மட்டும் விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் எழும்பிக் குதித்தால், அதைத் தாங்கும் மவுண்டிங் போய்விட்டது. இதில் கீழ் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. மாற்றியதும் உதறல் முக்கால்வாசி போய்விட்டது. மீதி கிளட்சுக்குள்.

பெடல் இளகிவிட்டது. ரிவர்ஸ் அரைப்பு மட்டும் பிடிவாதமாக இருக்கிறது. கேபிள் சரி, லீவர் முழுத் தூரம் நகர்கிறது, ஆனாலும் பிளேட் பிரியவில்லை என்றால் கோளாறு உள்ளேதான். கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையைக் குத்திப் பார்த்ததும் பழுப்பு வண்டல் உதிர்ந்தது.

வெள்ளத்தில் நின்ற வண்டி. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கமும் ஏறியது. அதன் பிறகு கைமாறிய வண்டிகளை வாங்குகிறவர்கள் கார்பெட்டை மோந்து பார்ப்பதோடு விட்டுவிடுகிறார்கள். இந்த ஓட்டையைப் பார்க்க ஒரு கம்பித் துண்டு போதும்.

நீரில் நின்று மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிரித்து எடுக்க ஒரு வழி: இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, திறந்த மைதானத்தில் கிளட்சை மிதித்தபடி இரண்டாவது கியரில் ஸ்டார்ட் செய்து, மிதித்த கால் எடுக்காமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். வண்டி உடனே நகரும் என்பதால் சுவர், ஆள் எதுவும் பக்கத்தில் கூடாது. விடவில்லையென்றால் மல்லுக்கட்டாமல் இறக்கிவிடலாம். இங்கே முழுக்க ஒட்டவில்லை, அந்த வித்தை தேவைப்படவில்லை.

ஜனவரி 11, சனி

கியர்பாக்ஸ் இறங்கியது. பேட்டரி நெகட்டிவ், கேபிள், ஸ்டார்ட்டர், கியர் ராடுகள், பிறகு ஆயில். வடித்த கியர் ஆயில் பால் கலந்த டீ நிறம்: பிரீதர் என்ற காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. டிரைவ் ஷாஃப்ட்டை நெம்பி எடுக்கும்போது சீல் உதட்டில் லீவர் படக் கூடாது. பட்டதோ இல்லையோ, இரண்டு சீலையும் மாற்றிவிடுவதுதான் உத்தமம்.

உள்ளே பார்த்தது:

பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.9 மி.மீ. இருக்கிறது. 0.5-க்குக் கீழ் போனால்தான் தள்ள வேண்டும். ஆக, விற்றவர் சொன்ன பிளேட் மாற்றும் அளவுக்குத் தேயவில்லை. ஆனால் இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்லைனில், அதாவது பிளேட் சறுக்கும் வரிப்பற்களில், துரு; பிளேட்டின் நடுப்பகுதியான ஹப்பைக் கையால் தள்ளினால் பாதியில் நிற்கிறது. பெடலை மிதித்தாலும் பிளேட் சறுக்கிப் பின்வாங்க முடியாமல் ஃப்ளைவீலை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ரிவர்ஸ் அரைத்ததற்கு இதுதான் காரணம்.

ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகள், சூடேறிய அடையாளம். மீதி உதறல் இதனால்தான். விரிசல் இல்லை, லேத்தில் லேசாக முகம் எடுத்தால் போதும். ரிலீஸ் பேரிங் சுழற்றினால் மணல் போல் நெரிகிறது.

எண்ணெய்க் கசிவு இல்லை. இருந்தால் எது கசிகிறது என்று பார்க்காமல் மூடக் கூடாது. கறுத்துக் கிடந்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். கந்தக வாடை அடித்தால் இன்புட் ஷாஃப்ட் சீல்.

பிளேட் தேய்மானம் பாதிதானே, அதையே போடலாமா என்ற கேள்வி வந்தது. வண்டல் தண்ணீர் குடித்த லைனிங், துருப்பிடித்த ஹப். இறக்கி ஏற்றும் கூலி இன்னொரு தடவை கொடுப்பதைவிட செட்டாக மாற்றுவதே லாபம்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லீவர் ஷாஃப்ட் புஷ்கள், இன்புட் சீல். பேரிங் மட்டும் மாற்றி மூடச் சொல்கிறவர்களிடம் மறுத்துவிடுவது நல்லது.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

கடை இல்லை, லேத்தும் இல்லை. வண்டி ஸ்டாண்டில்.

ஹைட்ராலிக் கிளட்ச் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு: அங்கே கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தம்: பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டரும் கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டரும். திரவம் பிரேக் ஆயில்தான், மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் கடற்கரையில் இன்னும் சீக்கிரம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாம். பெடல் தரையில் ஒட்டிக்கொண்டு எழாவிட்டால் முதலில் பெடலுக்கு மேலே உள்ளுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் இருந்தால் மாஸ்டர். பிறகு ஸ்லேவ் ரப்பர் பூட். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்சுக்குப் போகும் குழாய் மேலே இருப்பதால், கசிந்தால் கிளட்ச் முதலில் போய், பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சும். டாப்-அப் செய்து ஓட்டித் தள்ளிப்போடுவது ஆபத்து. ஃபிகோ போல ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும் வண்டியில், கிளட்ச் செட் மாற்றும்போதே அதையும் மாற்றிவிட வேண்டும்.

ஜனவரி 18, சனி

கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும் நாள். ஸ்ப்லைனை வயர் பிரஷ் போட்டு, துணியால் துடைத்து, கிரீஸ் விரல்நுனி அளவு தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்தோம். தாராளமாகப் பூசினால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் விழும், பழைய உதறலே திரும்பும். புதுப் பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருத் தடுப்பு எண்ணெய் இருக்கும், பிரேக் கிளீனரால் கழுவாமல் போடக் கூடாது. பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலுக்கு என்று அச்சிட்டிருக்கும். திருப்பிப் போட்டால் ஹப் ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும்.

பிளேட்டை நடுவில் நிறுத்தும் சென்டர் கருவி வைத்து, ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, சுற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் 23 நியூட்டன் மீட்டர். ஒரே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் கவர் கோணிவிடும். பெல் ஹவுசிங்கை இடம் பிசகாமல் உட்கார வைக்கும் இரண்டு டவல் பின்னும் இருக்கிறதா என்று பார்த்து ஏற்ற வேண்டும், முன்பு யாரோ திறந்த வண்டியில் ஒன்று காணாமல் போயிருப்பது அபூர்வமில்லை. கியர்பாக்ஸின் எடையை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிடாமல் ஜாக்கியில் நிறுத்திக்கொண்டே போல்ட் பிடித்தோம்.

கியர் ஆயில், லெவல் பிளக்கில் வழியும் வரை. கிரேடு வண்டிப் புத்தகத்தில் சொன்னது. பெடல் இளக்கம் 15 மி.மீ.

ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது.

ஜனவரி 25, சனி

முதல் 500 கி.மீ. வரை ஹாஃப் கிளட்சில் நிறுத்திப் பிடிப்பதும், முழு லோடோடு மேம்பாலம் ஏறுவதும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நேரு வீதி நெரிசலில் இது கஷ்டம்தான். நின்றால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக்.

இன்று பெடல் இளக்கம் 19 மி.மீ. புதுக் கேபிள் நீண்டு உட்கார்ந்ததால் கூடியது. பிளேட் தேயத் தேய இது எதிர்த்திசையில் போகும்: பிரஷர் பிளேட் விரல்கள் பேரிங்கை நோக்கி வரும், இளக்கம் குறையும், அப்போது நட்டைத் தளர்த்த வேண்டும். 15-க்கு வைத்தாயிற்று. கியர் ஆயிலை மறுபடி வடித்ததில் இன்னும் லேசான கலங்கல். தண்ணீர் மிச்சம் உள்ளே இருந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றியாயிற்று, 1,000 கி.மீ. கழித்து லெவல் பிளக்கைத் திறந்து நிறம் பார்க்க வேண்டும்.